திரைக்கு அந்தப் பக்கம்

பிரீசர் பெட்டியின் கண்ணாடியில் கோத்துக்கொண்டே இருந்த நீரை உமாதேவி துண்டால் துடைத்துக்கொண்டிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. அண்ணன் சுரேஷ்கண்ணன்.

“சென்னையில இறங்கிட்டேன் உமா. மதுரை பிளைட்டு ஏறப் போறேன். ரெண்டரைக்கெல்லாம் வீட்டுல இருப்பேன். அதுக்குள்ள எடுத்துராதீக.”

“மெதுவா வாண்ணே. காத்திருக்கோம்.”

போனைச் செருகிக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தாள். அப்பா நல்லகண்ணுவுக்கு இது மூன்றாம் நாள். செவ்வாய் விடிகாலையில் போன உயிர், இன்று வியாழன். உதடு உள்வாங்கி, மூக்கு மட்டும் துருத்திக்கொண்டு, யார் மீதோ கோபமாக இருப்பவர் போலக் கிடந்தார். உயிரோடு இருந்தவரை அவருக்குக் கோபப்படத் தெரியாது. அந்த வேலையை உமாதேவி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனுடைய இந்திய நம்பர் சிம் அவள் போனில்தான் கிடந்தது. லண்டனில் குடியேறிய நாளிலிருந்து பேங்க் ஓடிபி வந்தால் பார்த்து அனுப்புவது அவள் வேலை. விமானக் கம்பெனிக்கும் அதே நம்பரைத்தான் எப்போதோ கொடுத்திருந்தான். கொடுத்ததை அவன் மறந்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவள் சாவுச் சேதி சொல்லி ஒரு மணி நேரத்துக்குள் முதல் மெசேஜ் வந்தது. அன்றைய விமானத்தில் சாதாரண வகுப்பில் டிக்கெட் உறுதி. அப்பாடா என்று மூச்சு விட்டாள். மறுநாளே அண்ணன் வந்துவிடும் என்று சித்தப்பாவிடம் சொல்ல வாசல் வரை போனவளை அடுத்த மெசேஜ் நிறுத்தியது. உங்கள் வேண்டுகோளின்படி பயணம் புதன்கிழமைக்கு மாற்றப்பட்டது. அதன் பின்னாலேயே இன்னொன்று. உங்கள் பாயிண்டுகளைக் கொண்டு பிசினஸ் கிளாஸ் அப்கிரேடு உறுதி செய்யப்பட்டது, வாழ்த்துகள்.

பத்து நிமிஷத்தில் அவனே கூப்பிட்டான். “இன்னைக்கு ஒரு சீட்டு கூட இல்ல உமா. கெஞ்சிப் பாத்துட்டேன். நாளைக்குத்தான் கிடைச்சுச்சு.” அழவும் செய்தான். அழுகை பொய்யில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஊருக்கு வரும்போதெல்லாம் அவன் பேச்சு அந்தத் தங்க நிற கார்டைப் பற்றித்தான். வருஷத்துக்கு இத்தனை பயணம் போனால் இத்தனை பாயிண்டு, இத்தனை பாயிண்டுக்கு முன்னால் உட்காரலாம். கார்டு பறிபோகாமல் இருக்க, வேலையே இல்லாத ஊருக்கெல்லாம் பறந்து திரும்பியிருக்கிறான். விமானத்தில் ஓசியில் கொடுக்கும் ஜிப் வைத்த பைதான் தங்கச்சிக்கு அவன் கொண்டுவரும் சீர். அந்தப் பைகள் ஏழு சேர்ந்திருந்தன. ஒன்றில் அப்பாவின் இன்சுலின் ஊசிகள் இருந்தன.

இதையெல்லாம் அவள் மன்னித்திருப்பாள். மன்னிக்காதது ஒன்று உண்டு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பேரனைப் பார்க்க அப்பாவை லண்டனுக்குக் கூட்டிப் போனான். திரும்பும்போது இரண்டு பேரும் ஒரே விமானம். ஏறுகிற நேரத்தில் ஒரே ஒரு அப்கிரேடு கிடைத்தது. திராட்சைப் பந்தலுக்குள் நாற்பது வருஷம் குனிந்து நடந்து மூட்டு தேய்ந்த மனிதரைப் பின்னால், ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு அவன் முன்னால் போனான். முன்னால் இருக்கும் சீட்டில் பட்டன் அமுக்க அப்பாவுக்குத் தெரியாதாம், அதுதான் அவன் சொன்ன காரணம்.

“பக்கத்துல ரெண்டு பேரு நல்லா உறங்கிட்டாக ஆத்தா. அவுகளத் தாண்டி எப்படி ஒண்ணுக்குப் போறது? அவனைக் கூப்பிடலாம்னு பாத்தா, நடுவுல திரையப் போட்டு இழுத்துவிட்டுட்டாக,” என்றார் அப்பா. பத்து மணி நேரம். மதுரையில் இறங்கியவரின் கால்கள் மரவள்ளிக்கிழங்கு போல வீங்கியிருந்தன. வேட்டியை அவர் பையிலிருந்து எடுத்துத் தானே துவைக்கப் போனார். உமாதேவி பிடுங்கிக்கொண்டாள். நனைந்து காய்ந்த வேட்டி அது. “அவன்ட்ட சொல்லிராத. சங்கடப்படுவான்,” என்றார். அவள் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு சித்தப்பா குருசாமி உள்ளே வந்தார். அப்பாவின் கூடப் பிறந்த தம்பி. பெட்டியைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார்.

“உமா, இதுக்கு மேல தாங்காது ஆத்தா. உங்கண்ணன் என்ன சொல்லுச்சு? எத்தனை மணிக்கு வருதாம்?”

வாசல் பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அத்தை பஞ்சம்மாள் ஒப்பாரியை நிறுத்தினாள். அண்ணன் போனில் பேசுவது அவளிடம் மட்டும்தான். அவள் சொல்வதுதான் அவன் சொல்.

“பிளைட்டு லேட்டாம் சித்தப்பா. வந்து சேர ராத்திரி ஆயிருமாம். எனக்காகப் போட்டு வைக்க வேணாம், எடுத்துருங்கன்னு சொல்லிருச்சு.” கையிலிருந்த துண்டை உதறி மடித்தாள். “ஈஸ்வரபாண்டியே கொள்ளி வைக்கட்டும்னுருச்சு.”

ஈஸ்வரபாண்டி சித்தப்பாவின் மகன். நல்லகண்ணுவை ஆஸ்பத்திரிக்குத் தோளில் தூக்கிப் போனவன், திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்தவன்.

“தலைச்சன் பிள்ள இருக்கையில இப்படியா,” என்று பஞ்சம்மாள் இழுத்தாள்.

“தலைச்சனே சொல்லிட்டான்ல, அப்புறம் என்ன?” என்றார் சித்தப்பா. “ஏலே ஈஸ்வரா, நீர்மாலைக்குக் கிளம்பு.”

நீர்மாலைக்குப் போய்க் குளித்துத் தண்ணீர் எடுத்து வருகிறவன்தான் கொள்ளிச்சட்டியைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் வழியில் கைமாற்றுவது அவர்கள் வகையறாவில் கிடையாது. பெற்ற மகனே எதிரில் வந்து நின்றாலும் கிடையாது. அது உமாதேவிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஈஸ்வரபாண்டி ஈர வேட்டியோடு குடத்தைச் சுமந்து வந்தான். அப்பாவைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டினார்கள். கொள்ளிச்சட்டியில் எருவாட்டியைப் பற்ற வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் அடித்தது. உமாதேவி அடுப்படிக்குள் போய் எடுத்தாள்.

“மதுரை வந்தாச்சு உமா. கார்ல ஏறிட்டேன். அப்பா முகத்த ஒரு தடவ பாத்துரணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

அவன் குரல் உடைந்தது. சின்ன வயதில் கால்வாயில் விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கிய அண்ணன் குரல் அது. அவள் அடுப்படி வாசல் வரை வந்துவிட்டாள். வெளியே ஓடிப் போய், இருங்க சித்தப்பா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீர்மாலைக்கு அண்ணனையும் ஒரு தடவை அனுப்பிவிடலாம்.

“நீ ரெண்டு நாளா உறங்கலையாண்ணே?” என்று கேட்டாள்.

“இல்ல, அதெல்லாம் நல்லாத் தூங்கிட்டேன். சீட்டு முழுசாப் படுக்கை மாதிரி நீட்டிக்கிறலாம்ல. அலுப்பே இல்ல. வந்து நேரா நிக்க வேண்டியதுதான்.”

உமாதேவி வாசலிலிருந்து திரும்பி அடுப்படிக்குள்ளேயே நடந்தாள்.

“வாண்ணே,” என்றாள்.

மேளம் உச்சத்துக்குப் போயிற்று. ஒன்றேகாலுக்குத் தூக்கினார்கள். தெருமுனை வரை போய்த் திரும்பிய பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். உமாதேவி வாளி வாளியாக மொண்டு ஊற்றினாள். பெட்டி இருந்த இடத்தில் ஒட்டியிருந்த ரோஜா இதழ்கள் மிதந்து வாசலுக்கு ஓடின.

அவன் சொன்னபடி இரண்டரைக்கு வந்துவிட்டான். காரிலிருந்து இறங்கி, ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடி வந்தவன் ஈரத் தரையில் வழுக்கி, சுவரைப் பிடித்து நின்றான். பெட்டி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தான்.

“அப்பா எங்க?”

“போயிட்டாக. இந்நேரம் தீ வச்சிருப்பாக.”

“காத்திருக்கோம்னு சொன்னியேடி!”

“நீதான போன்ல எடுக்கச் சொன்னயாம்,” என்றாள் பஞ்சம்மாள், துடைப்பத்தோடு நிமிர்ந்து. “ஊரே கேட்டுச்சு.”

“நான் எப்ப சொன்னேன்? உமா, நான் எப்ப சொன்னேன்?”

உமாதேவி கையைச் சேலையில் துடைத்தாள். போனை எடுத்து அந்த மூன்று மெசேஜையும் திறந்து அவனிடம் நீட்டினாள்.

“செவ்வாக்கிழம சீட்டு இல்லைன்னு நீ சொன்னேல்ல. அந்த மாதிரி நானும் ஒண்ணு சொன்னேன்.”

அவன் படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி முதலிலிருந்து படித்தான். அவன் கையில் இருக்கும்போதே போன் ஒரு தடவை அதிர்ந்தது. எங்களோடு பயணம் செய்ததற்கு நன்றி, பயணம் எப்படி இருந்தது என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தாருங்கள்.

போனை அவள் கையில் வைத்துவிட்டு அவன் சுடுகாட்டுப் பக்கம் நடந்தான். காரில் ஏறவில்லை, ஷூவும் போடவில்லை. விமானத்தில் கொடுத்த சாம்பல் நிறக் காலுறை இன்னும் காலில் இருந்தது. நடையிலிருந்து கூடம் வரைக்கும் போய்த் திரும்பிய தடம் தெருப் புழுதியோடு தரையில் பதிந்திருந்தது.

உமாதேவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, அடுத்த வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினாள்.