மச்சானிடம் ரசீது கேட்காதவர்

முப்பத்தொரு வருஷம் ஆபீஸில் தபால் பிரிவைக் கட்டி மேய்த்தவர் அவர். ஒரு குண்டூசி டப்பாவைக்கூடக் கையெழுத்து வாங்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை. அதனால் அங்கே அவருக்கு 'ரசீது' என்றே பேர். அப்பேர்ப்பட்ட மனுஷன், சொந்த வீட்டுச் சாவியை மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஏழு வருஷமாகக் கோர்ட்டு வராந்தாவில் செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வாங்கியது வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. வீடு கட்டி விற்கிற தொழில். பழைய வீட்டை இடித்துவிட்டு ஆறு பிளாட். தம்பிக்கு நாலு, இவர்களுக்கு இரண்டு. அதில் ஒன்று, அவளுடைய முட்டிவலிக்காகத் தரைத்தளத்தில். மனையை முழுசாகக் காலி செய்து ஒப்படைத்த நாளிலிருந்து இரண்டு வருஷத்தில் முடித்துத் தரவேண்டும் என்று கூட்டு ஒப்பந்தம். முன்பக்கம் தூண் எழும்பியது, அத்தோடு சரி. கேஸ் போட்டால், 'பின்கட்டை இவர்கள் இன்னும் ஒப்படைக்கவே இல்லை, அதனால் கெடுவே ஆரம்பிக்கவில்லை' என்று பதில் போட்டான் தம்பி. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

முன்கட்டை இடித்த பிறகும் இவர்கள் தங்கியிருந்த பின்கட்டின் சாவியைக் கொடுத்த அன்று, பழக்கதோஷத்தில் இவர் பேனாவை எடுக்கத்தான் செய்தார். மனைவி முறைத்தாள்.

"என் தம்பிகிட்டயுமா? அசிங்கமா இருக்குங்க."

பேனா பைக்குள் போய்விட்டது. சாவி கைமாறியதைப் பார்த்த சாட்சி அவள் ஒருத்திதான்.

இன்றைக்கு அவளை விசாரிக்கிற நாள். வாடகை வீட்டு மாடிப்படியையே உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறவள், கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்று இவர் இதுவரை கேட்கவில்லை. கேட்கப் பயம்.

"சாவி குடுத்ததை நீங்க பாத்தீங்களாம்மா?" என்றார் இவர்கள் வக்கீல்.

அவள் எதிரே நின்ற தம்பியைப் பார்த்தாள். அவன் தன் செல்போனைப் பார்த்தான்.

"பாத்தேன். இவரு எழுதி வாங்கத்தான் பாத்தாரு. நான்தான் விடல. என் தம்பி அப்படியெல்லாம் பண்ண மாட்டான்னு சொன்னேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் அரைமணி நேரம் குடைந்தார். அவள் வார்த்தை மாறவில்லை. கேஸ் அடுத்த மாசத்துக்குத் தள்ளிப்போனது.

"இனிமே கவலைய விடுங்க சார், கேஸ் நம்ம பக்கம்" என்று வக்கீல் காதைக் கடித்தார்.

வராந்தாவில் தம்பி அவர்களைத் தாண்டிப் போனான். அக்கா என்று ஒரு வார்த்தை கிடையாது. அவள் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள்.

"அவன் மூஞ்சியப் பாத்தீங்களா? சின்னதுல அப்பா அடிக்கும்போதும் இப்படித்தாங்க நிப்பான். நான்தான் ஓடிப்போய் குறுக்க விழுவேன்."

இந்தச் சாட்சிக்காகத்தான் அவர் ஏழு வருஷம் தவம் கிடந்தார். இப்போது, வீடும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், எழுந்திரு, போகலாம் என்று சொல்லிவிட வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வீடு வேண்டுமே. அவள் அழுது முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.