தாழ் போடாத கதவு

“உள்ள வராதே. அங்கயே நில்லு.”

பெரியப்பா சஹ்ரிம் வாசற்படியில் குறுக்காக நின்றார். முற்றத்தில் நின்ற ஹுஸ்னியாவின் முழங்கால் வரை புகையிலை வயலின் சேறு ஏறியிருந்தது. மாலைத் தொழுகை முடிந்து வெகுநேரமாகியிருந்தது. அவளுக்குப் பதினாறு வயது. அப்பா மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தில் இருந்தார். அவர் திரும்பும்வரை இந்த வீட்டில் பெரியப்பாவின் சொல்தான் சொல்.

அன்று பள்ளி விட்டதும், வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொல்லி ஊர்ப் பையன் சப்வான் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றினான். வண்டி அடுத்த ஊரில் அவனுடைய அத்தை வீட்டு வாசலில் போய் நின்றது. இந்தோனேசியாவின் இந்த லொம்போக் தீவில் பெண்ணைக் கொண்டுபோய்த்தான் கல்யாணம். இருவரும் பேசி வைத்துக்கொண்டு போவதுதான் முறை என்பார்கள்; பேசாமலும் கொண்டுபோவார்கள். எப்படிப் போனாலும், இருட்டிய பிறகு பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் அவமானம் அந்த வீட்டுக்கு.

அத்தை தேநீரும் பொரித்த வாழைப்பழமும் வைத்து, நாளைக்குப் புதுத்துணி எடுக்கலாம் என்றாள். ஹுஸ்னியா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குத் தாழ் போட்டிருக்கவில்லை. அந்த வீட்டில் இதுவரை அது தேவைப்பட்டதில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவள் எழுந்தாள். சப்வான் மணிக்கட்டைப் பிடித்தான். அவனுடைய கட்டைவிரல் இருந்த பக்கமாகக் கையைத் திருப்பி உருவிக்கொண்டு நடந்தாள். அது துணிச்சலா, வெறும் பழக்கமா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

கையை உருவுவது சிலாட் என்னும் தற்காப்புக்கலை வகுப்பில் முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் வந்துவிடும். கஷ்டமாக இருந்தது வேறொன்று. பள்ளி மைதானத்தில் இருவர் மோதுவதற்கு முன், ‘தயாரா?’ என்று தனித்தனியாகக் கேட்பார்கள். எதிரே நிற்பவளின் கண்ணைப் பார்த்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவரை ஆட்டம் தொடங்காது. பெண்பிள்ளைகள் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹுஸ்னியாவுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கக் குரல் தொண்டையிலேயே நின்றது. அது வெளியே வந்த நாளில், வேறு யாரோ பேசியதுபோல அவளே திரும்பிப் பார்த்தாள்.

அன்றிரவே ஊர்த்தலைவர் முனாவர் ஹுஸ்னியாவின் வீட்டுக்கு வந்தார். கூடவே சப்வானின் சித்தப்பாவும் வந்தார். திண்ணையில் பாய் விரித்துக் காபி வைத்தார்கள். அரசாங்கக் கணக்குக்கு வயது போதாது என்றாலும் இப்போது நிக்காஹ் ஓதி முடித்துவிடலாம், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலைவர் வழி சொன்னார். பெரியப்பா தலையாட்டினார். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்பது மட்டும் பாக்கி. அதுவும் வழக்கம்தான். கேட்டதும் பெண் தலையைக் குனிவாள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

“இஷ்டப்பட்டுத்தானேம்மா போனே?”

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் தலைவர் காபியை எடுத்தார்.

“இல்ல” என்றாள் ஹுஸ்னியா.

கோப்பை பாதி வழியில் நின்றது. அவள் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல், அவர் அதே கேள்வியை மறுபடி மெதுவாகக் கேட்டார். அவள் அவர் கண்ணைப் பார்த்தாள்.

“இல்ல. வீட்டுல விடறேன்னுதான் ஏத்துனான். எனக்குக் கல்யாணம் வேண்டாம்.”

சப்வானின் சித்தப்பா சிரித்துக்கொண்டே எழுந்தார்.

“இந்த வாயை வீட்டுல வச்சுக்கிட்டு எவன் நிம்மதியா சோறு திம்பான்? நீங்களே வச்சுக்குங்க.”

தூக்கிக்கொண்டு போன பெண்ணை விட மாட்டோம் என்று வந்தவர், வாய் திறந்த பெண்ணை வேண்டாம் என்று போனார்.

பெரியப்பாவின் கோபம் சப்வான் பக்கம் போகவில்லை. ஆணியில் தொங்கிய கறுப்புப் பயிற்சிச் சட்டையிடம் வந்து நின்றது. ஹுஸ்னியாவின் தாயை அழைத்தார்.

“இதை அடுப்புல போடு. இனி இவ அந்த மைதானத்துப் பக்கம் போகக் கூடாது. என்ன?”

தாய் தலையைக் குனிந்தாள். அவர் நிம்மதியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மகளின் கால் சேற்றைக் கழுவியபடி தாய் சொன்னாள்: “என்கிட்டயும் அன்னிக்குக் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

“தரையைப் பாத்தேன்.”

அதன்பின் ஊரில் எந்த விருந்துக்கும் அவர்களை யாரும் அழைக்கவில்லை. ஹுஸ்னியாவோடு பள்ளிக்கு நடந்துபோகக்கூடத் துணை இல்லை. அறுவடை முடிந்ததும் சப்வான் வேறொரு பெண்ணைக் கொண்டுபோனான். அவளும் ஹுஸ்னியாவின் வகுப்புதான். கேள்வியை ஒரே தடவை கேட்டார்கள்.

கல்யாண ஊர்வலம் மேளத்தோடு அவர்கள் வேலியோரம் வந்தது. முகமெல்லாம் பவுடர் பூசிய மணப்பெண் நிமிரவே இல்லை.

“குனிஞ்ச தலை நிமிரல, பாத்தியா? பொண்ணுன்னா இப்படி இருக்கணும்” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

முன்னால் நடந்த பெரியப்பா திடீரென்று நின்றார். வேலியில் துவைத்துப் போட்ட கறுப்புச் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஊர்வலத்தை விட்டு வந்தார்.

“எரிக்கச் சொன்னேன். சரின்னியே?”

ஹுஸ்னியாவின் தாய் சட்டையின் கையை இழுத்துச் சுருக்கம் நீவினாள்.

“நான் எப்பண்ணே சரின்னேன்? சும்மாதானே இருந்தேன்.”