கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பைக்

ஹஸ்ஸான் பஸ்ஸை வீடாக மாற்றுகிறானாமே என்று அய்யம்பேட்டையில் பேச்சுக் கிளம்பியபோது, எல்லாரும் அவன் மனைவி இர்ஃபானாவிடம்தான் வந்து விசாரித்தார்கள். "உள்ளே அடுப்படி உண்டா? குளிக்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். பைக்கைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளால் சிரித்திருக்க முடியாது.

ஹஸ்ஸான் துபாயில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். குளிர்காலத்தில் பாலைவனத்துக்குப் போய்க் கூடாரமடிக்கும் வெள்ளைக்காரக் குடும்பங்களின் வீட்டு வண்டிகள் அங்கேதான் பழுதுக்கு வரும். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒரு வண்டிக்குள் அடங்குவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. ஊருக்கே திரும்பி வந்த வருஷம் பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, அனுமதிக்கு எழுதிப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தான். சிங்கப்பூரிலிருந்தும் சவூதியிலிருந்தும் லீவில் வருகிற குடும்பங்கள் நாகூர், வேளாங்கண்ணி, தஞ்சாவூர் என்று சுற்ற வாடகைக்கு எடுப்பார்கள் என்பது அவன் கணக்கு.

"பெரிய வண்டி சந்துக்குள்ள நுழையாது புள்ள. ஒரு பால் பாக்கெட் வாங்கணும்னாகூட கஷ்டம். கூடவே ஒரு பைக்கும் போகணும்" என்றான். பைக் வீட்டிலேயே இருந்தது. யமஹா ஆர்எக்ஸ் நூறு, கறுப்பு நிறம்.

அது ஜாஃபர் சாதிக்கின் வண்டி. ஜாஃபர் இர்ஃபானாவின் முதல் கணவன், கூத்தாநல்லூர்க்காரன். சவூதியின் தம்மாமிலிருந்து லீவில் வந்து, அந்த பைக்கை வாங்கி, அவளை நிக்காஹ் செய்துகொண்டு, லீவு முடிந்ததும் போய்விட்டான். அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை. சாலை விபத்தில் மவுத்தாகிவிட்டான் என்று போன் வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஊரில் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கக் காலமான இத்தா முடிந்து இர்ஃபானா அத்தா வீட்டுக்குத் திரும்பியபோது, ஜாஃபரின் தாயார் சைத்தூன் பீவி அந்த பைக்கையும் ஒரு டெம்போவில் ஏற்றிப் பின்னாலேயே அனுப்பி வைத்தாள். காரணம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

பிறகு ஹஸ்ஸானுடன் நிக்காஹ் ஆனது. நல்ல மனிதன். குரலை உயர்த்திப் பேசாதவன். தார்ப்பாய்க்கடியில் கிடந்த பைக்கைப் பார்த்து, "இவ்வளவு நல்ல இன்ஜினை இப்படிப் போட்டு வச்சிருக்கீங்களே" என்று வருத்தப்பட்டு, ஒவ்வொரு லீவிலும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்து ஓட்ட ஆரம்பித்தான்.

அன்றிலிருந்து இர்ஃபானாவுக்குத் தொல்லை பிடித்தது. ஜாஃபரின் முகம் அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை. நிக்காஹ் போட்டோவில் இருப்பது யாரோ ஒரு பையன் மாதிரிதான் தெரியும். ஆனால் பைக்கின் சத்தம் அப்படியே இருந்தது. தெருமுனையில் திரும்பும்போது ஒரு முறுக்கு, பள்ளிவாசல் அருகே ஒரு தணிவு, பிறகு வாசலில் படபடவென்று நின்று அடங்குவது. அந்தச் சத்தம் காதில் விழுந்த மாத்திரத்தில், கையில் மாவு இருந்தாலும் ஈரம் இருந்தாலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவாள். புத்தி விழிப்பதற்குள் கால் ஓடியிருக்கும். கதவைத் திறந்தால் ஹஸ்ஸான் நிற்பான்.

"என் சத்தம் கேட்டா இவ அடுப்பைக்கூட விட்டுட்டு ஓடி வந்துடுவா" என்று ஹஸ்ஸான் தன் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொல்வான். இர்ஃபானா தலையைக் குனிந்துகொள்வாள்.

பஸ்ஸின் பின்பக்கம் வெளியே ஒரு இரும்புத் தட்டு அடித்து, அதில் பைக்கை நிறுத்திக் கட்டினான் ஹஸ்ஸான். வண்டிக்கு வெளியே இருக்கிறது என்பதில் இர்ஃபானாவுக்கு ஒரு நிம்மதி. ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோன அன்று, பிரேக் இன்ஸ்பெக்டர் பின்னால் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது நடக்காது பாய். வண்டிக்கு வெளியே நீட்டிக்கிட்டு எதுவும் இருக்கக் கூடாது. பாருங்க, நம்பர் பிளேட் மறையுது, பின் விளக்கு மறையுது. ராத்திரி பின்னாடி வர்றவன் எதைப் பார்த்து பிரேக் அடிப்பான்?"

"அப்ப பைக்கைக் கொண்டுபோகவே முடியாதா சார்?"

"உள்ளே ஏத்திக்குங்க. தரையில வளையம் அடிச்சு, நாலு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டணும். டாங்கில சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. பேட்டரி ஒயரைக் கழட்டிடணும். அடுப்பை அந்தப் பக்கம் மாத்துங்க. பாரமும் ஒரே பக்கமா சாயக் கூடாது." பேசிக்கொண்டே பைக்கின் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். "ஜாஃபர் சாதிக். இது யாரு?"

"என் வீட்டுக்காரர்" என்றாள் இர்ஃபானா.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. பக்கத்தில் ஹஸ்ஸான் நின்றுகொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்து, "நீங்கதானா அது? மனு வேற பேர்ல இருக்கே" என்றார்.

"இல்ல சார். இறந்துட்டாரு. இவங்களோட முன்னாள்..." என்று ஹஸ்ஸான்தான் மெதுவாக எடுத்துச் சொன்னான்.

"அப்ப முதல்ல பேரை மாத்துங்க. இறந்தவர் பேர்ல இன்சூரன்ஸ் எப்படிச் செல்லும்? உள்ளே ஏத்திக்கிட்டுப் போகலாம், இறக்கி ஓட்டினா மாட்டிக்குவீங்க. வாரிசுதாரங்க சம்மதம் வேணும். அவரோட தாயார் இருக்காங்களா?"

இருந்தாள். கூத்தாநல்லூரில், அதே வீட்டில்.

ஹஸ்ஸான் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினான். பின்கதவை அகலமாக்கினான். ஏற்றி இறக்கப் பலகை செய்தான். அடுப்பு முன்பக்கம் போனது. பைக் நிற்கக் கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான், கட்டிலை ஒட்டி. கட்டிலில் படுத்துக் கையை நீட்டினால் பைக்கின் சீட்டைத் தொடலாம்.

"நல்லா அமைஞ்சுடுச்சு பாத்தியா" என்றான். இர்ஃபானா, "ம்" என்றாள்.

வீட்டு வண்டியின் முதல் பயணம் கூத்தாநல்லூருக்கு என்று முடிவானது. சம்மதம் வாங்கின மாதிரியும் ஆச்சு, வண்டியை ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்றான் ஹஸ்ஸான். குறுவை அறுப்பு முடிந்த சமயம். ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். அம்மாபேட்டை வரைக்கும் முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளிடம், "நீ பின்னாடி போய் உட்காரு. பெல்ட் தளருதான்னு பார்த்துக்க" என்றான். அவன் பேச்சைத் தட்ட முடியவில்லை.

பின்னால் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். திரைச்சீலை வழியாக வெயில் விழுந்து எழுந்து கொண்டிருந்தது. பெல்ட் எதுவும் தளரவில்லை. ஆனால் வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பைக்கின் ஸ்பிரிங் அமுங்கியது, யாரோ காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்காருகிற மாதிரி. மேட்டில் ஏறும்போது எழுந்தது, யாரோ இறங்குகிற மாதிரி. ஏறினான், இறங்கினான். மறுபடி ஏறினான்.

கட்டின பெல்ட் இடம் கொடுத்த அளவுக்கு ஹேண்டில்பார் அவள் பக்கமாகத் திரும்பியது. வட்டக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அடுத்த குலுக்கலில் முகம் போய் வெறும் சீட் தெரிந்தது. டாங்கைக் கவிழ்த்துக் காலி செய்து, துணியால் துடைத்து, மூடியைத் திறந்து காய வைத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இருந்தும் பெட்ரோல் வாடை வந்தது. பெட்ரோல் மட்டுமில்லை, அதோடு ஏதோ அத்தர் வாசனையும். ஹஸ்ஸான் அத்தர் பூசுவதில்லை.

"மச்சான்" என்று கூப்பிட்டாள். யாரைக் கூப்பிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்ன புள்ள? தளருதா?" என்று முன்னாலிருந்து ஹஸ்ஸானின் குரல் வந்தது.

"இல்ல. சரியாத்தான் இருக்கு."

கூத்தாநல்லூரில் சைத்தூன் பீவியின் சந்துக்குள் வண்டி நுழையவில்லை. "நீ முன்னாடி நடந்து போய்ப் பேசிக்கிட்டு இரு. நான் பைக்கை இறக்கி, கடையில பாட்டில்ல பெட்ரோல் வாங்கி ஊத்தி எடுத்துட்டு வர்றேன். வண்டியைப் பாக்காம எந்த வண்டின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஹஸ்ஸான். இந்தச் சந்துக்குள் அதை ஓட்டி வராதீங்க என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. என்ன காரணம் சொல்வது?

சைத்தூன் பீவி இளைத்துப் போயிருந்தாள். அஸர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், இர்ஃபானாவைப் பார்த்ததும் கன்னத்தைத் தடவினாள். "வந்தியா புள்ளே. நல்லா இருக்கியா? உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டுவிட்டு, டீ போட எழுந்தாள்.

"வர்றாங்க மாமி. ஒரு விஷயமா..." என்று இர்ஃபானா ஆரம்பித்தாள்.

அப்போது சந்து முனையில் அந்த முறுக்கு கேட்டது.

சைத்தூன் பீவியின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது. வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, வாசலுக்கு ஓடினாள். "வந்துட்டான், வந்துட்டான்" என்று உதடு முணுமுணுத்தது. இர்ஃபானாவும் ஓடிக்கொண்டிருந்தாள். தான் எப்போது எழுந்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே வாசல்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

பைக் வந்து நின்று படபடத்து அடங்கியது. ஹஸ்ஸான் சிரித்த முகமாகத் தலையை நிமிர்த்தினான்.

கிழவியின் முகத்தைப் பார்த்தான். அதில் இருந்த ஆவல் அவனைக் கண்டதும் அப்படியே விழுந்து, பிறகு மரியாதையான ஒரு சிரிப்பாக மாறியது. பக்கத்தில் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அதே ஆவல், அதே விழுதல், அதே சிரிப்பு. தினமும் அவன் வீட்டு வாசலில் பார்த்த முகம்தான். இத்தனை நாள் அதைத் தனியாகப் பார்த்திருந்தான். இன்றைக்குத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொன்று கிடைத்தது.

சாவியைத் திருப்பி எடுக்க அவனுக்கு நேரமாகியது.

"வாங்க தம்பி. உள்ளே வாங்க" என்றாள் சைத்தூன் பீவி.

சம்மதத்துக்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. "இதுல ஒப்பம் வச்சா அவன் பேரு போயிடுமா?" என்று மட்டும் கேட்டாள். "போயிடும் மாமி" என்றான் ஹஸ்ஸான். அவள் ஓதப் படித்த அரபு எழுத்தில், வலமிருந்து இடமாகத் தன் பெயரை எழுதினாள். சந்தேகத்துக்குக் கைநாட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

"மாமி, வண்டி இங்கேயே நிக்கட்டுமா? உங்களுக்கு..." என்று ஹஸ்ஸான் திடீரென்று கேட்டான்.

"வேணாம் தம்பி. இங்கே நின்னா சும்மா நிக்காது. யாராவது எடுப்பாங்க, திருப்பிக்கிட்டு வருவாங்க. நான் எத்தனை தடவை வாசலுக்குப் போறது? அதுக்குத்தான் அன்னிக்கே இவ பின்னாடி அனுப்பினேன்." சொல்லிவிட்டு இர்ஃபானாவைப் பார்த்தாள். "உனக்கும் அப்படித்தான்னு எனக்குத் தோணவே இல்ல புள்ளே. நீ சின்னப் பொண்ணு, மறந்துடுவேன்னு நெனச்சேன்."

மறுபடி டாங்கைக் காலி செய்து, ஒயரைக் கழற்றி, பைக்கை உள்ளே ஏற்றிக் கட்டினான் ஹஸ்ஸான். ஒவ்வொரு பெல்ட்டையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். இர்ஃபானா பின்கதவு வழியாக ஏறப் போனபோது, "முன்னாடி வந்து உட்காரு" என்றான்.

நீடாமங்கலம் தாண்டி ஆற்றுக் கரையோரம் வண்டியை நிறுத்தினான். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆரம்பத்திலேருந்தே அப்படித்தானா?"

"ஆமா."

"ஒரு தடவைகூட எனக்காக ஓடி வரலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் அதை ஏற்றுக்கொண்டும் இருப்பான். "கதவைத் திறந்தப்புறம் நீங்கதான் மச்சான்" என்றாள் இர்ஃபானா. "திறக்குற வரைக்கும் யாருன்னு எனக்குத் தெரியாது. அவர் மேல ஆசையா இருக்கேன்னு நெனைக்காதீங்க. அவர் முகமே எனக்கு ஞாபகம் இல்ல. யாரோ வர்றாங்க, வந்துக்கிட்டே இருக்காங்க, வந்து சேர மாட்டேங்கிறாங்க. அதான்."

பின்னால் பைக்கின் ஸ்பிரிங் ஒரு தடவை கிரீச்சிட்டது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

"இனிமே ஓடி வராதே" என்றான் அவன் கடைசியில். "நான் கதவைத் தட்டுறேன். யாருன்னு கேளு. நான்தான்னு தெரிஞ்சப்புறம் மெதுவா வா. அது போதும் எனக்கு."

பெயர் மாற்றம் முடிந்து ஆர்.சி. புத்தகம் இர்ஃபானாவின் பெயரில் வந்தது. அந்த ரக பைக்குக்கென்றே அலைகிற ஒருத்தர் திருச்சியிலிருந்து வந்து, நல்ல விலை சொல்லி எடுத்துக்கொண்டார். ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றவரை ஹஸ்ஸான் விடவில்லை. மினி லாரி பிடித்து, தானே கட்டி ஏற்றி, சத்தமில்லாமல் அனுப்பி வைத்தான். வீட்டு வண்டிக்குள் இப்போது ஒரு சின்ன ஸ்கூட்டர் நிற்கிறது. பெருநாள் லீவுக்கு வாடகை தொடர்ந்து ஓடுகிறது. வேளாங்கண்ணிக்குப் போய் வந்த ஒரு குடும்பம் மட்டும், கட்டிலுக்குப் பக்கத்தில் அத்தர் வாசனை அடிக்கிறதே, நீங்கள் தெளித்ததா என்று கேட்டது. ஹஸ்ஸான் ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

மார்கழி வாக்கில் ஒரு மத்தியானம் இர்ஃபானா மீன் அலசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது ஹஸ்ஸான் கொல்லைக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலையே!"

"தட்டினேன். நீதானே யாருன்னு கேட்டே?" என்றான் அவன். "நான்தான்னு சொன்னேன். கதவையும் திறந்துவிட்டுட்டுப் போனியே."

தட்டியதும் திறந்ததும் எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. சொல்லவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய், இதாவது ஞாபகத்தில் இருக்கட்டும் என்று அவன் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, சோறு எடுத்து வைத்தாள்.