திருப்பி அனுப்பிய பணம்

வரவை மீறிச் செலவு போய்விட்டது, குறைக்க வேண்டும் என்றது அரசாங்கம். குறைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் எங்கள் நிதித்துறை அதைக் குறைத்த லட்சணத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

விதி இதுதான்: போன வருடம் யார் எவ்வளவு பணத்தைச் செலவழிக்காமல் திருப்பி அனுப்பினார்களோ, அவ்வளவும் இந்த வருடம் வெட்டு. மிச்சம் வந்தால் தேவையில்லை என்று அர்த்தமாம்.

என் அக்கா அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ். மருந்து கம்பெனிக்காரனோடு மல்லுக்கட்டி விலையைக் குறைத்து, போன வருடக் கடைசியில் நல்ல தொகை மிச்சம் வைத்திருந்தாள்.

"எல்லாரும் நாற்காலி, திரைச்சீலைன்னு வாங்கித் தள்றாங்கடா. நானும் ஏதாவது வாங்கிடவா?" என்று போனில் கேட்டாள்.

"திருப்பி அனுப்பிடுக்கா. நல்ல பேர் கிடைக்கும், நாளைக்கு ஒரு மெஷின் கேட்டா உடனே தருவாங்க" என்றேன். பெரிய மேதாவி நான்.

இப்போது அந்தக் கோப்பு என் மேஜைக்கே வந்தது. வெட்டும் தொகை மாலை ஷிஃப்ட் நர்ஸ்களின் சம்பளத்துக்குச் சரியாக இருந்தது; அதாவது அக்கா பிரிவில் மாலை ஷிஃப்டே இருக்காது. எங்கள் அலுவலக வாசலில் நீரூற்று கட்டினார்களே, அதில் ஒரு காசு மிச்சமில்லை. அதனால் அதன் பராமரிப்புச் செலவில் ஒரு காசு வெட்டில்லை!

இயக்குநரிடம் ஓடினேன். "சார், அவங்க சிக்கனமா இருந்ததாலதான் மிச்சமே வந்துது."

"சிக்கனம் தெரிஞ்சவங்க இன்னும் கொஞ்சம் சிக்கனமா இருந்துப்பாங்கப்பா. ஊதாரி மேல கை வெச்சா சண்டைக்கு வருவான்" என்றார் சிரித்துக்கொண்டே.

மறுப்பு எழுதிக் கொடுத்தேன். அதைக் கோப்பின் அடியில் செருகி, வெட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

மாலை ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்தது. அக்காவை வார்டு மூலைக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மாலை நோயாளிகள் பட்டியலை எடுத்து வந்தாள். பன்னிரண்டு பேர்.

"காலையில நாலு பேரைத்தான் சேர்த்துக்க முடியும். மீதி எட்டு பேர் யாருன்னு நீயே சொல்லிடு. எனக்கு இவங்க வீடு வாசல் எல்லாம் தெரியும்டா, என்னால முடியாது."

அதற்குள் பக்கத்துப் படுக்கையிலிருந்த தையற்காரர் தலையைத் தூக்கினார். ஊசி குத்திய கையை அசைக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சிஸ்டரோட தம்பிதானே? நிதித்துறையில இருக்கீங்களாமே. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததுக்கு எங்களுக்கு இன்னொரு மெஷின் வரும்னு சிஸ்டர் வருஷம் பூரா சொல்லிட்டு இருக்காங்க. வந்துடுச்சா சார்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பட்டியலை என் கையில் திணித்துவிட்டு, அவருடைய மெஷினைச் சரிபார்க்கப் போய்விட்டாள்.