மணியை முதலில் கண்டவர்கள்

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் பதினோரு பேரை ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். பதினோரு பேரும் காது கேளாதவர்கள். அதில் ஒருத்தி, அவர்களுக்காக வழக்காடிய பெண் வக்கீலின் சொந்த அக்கா. ஓடுகிற வரிசையில் விரிசல் விட்ட பாட்டிலைக் கண்ணாலேயே பிடித்துவிடுகிறவள். "தீ பிடிச்சா மணிச் சத்தம் இவங்களுக்குக் கேக்காது, ஆபத்து" என்பதுதான் புது மேனேஜர் சொன்ன காரணம்.

விசாரணையின் இரண்டாம் நாள். மேனேஜர் சாட்சிக் கூண்டில் நின்று அளந்துகொண்டிருந்தார். வக்கீலிடமோ கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் தீர்ந்திருந்தன.

"எங்க பாதுகாப்புல ஒரு குறை சொல்ல முடியாதுங்க. பாட்டில் உருளுற இரைச்சல்ல காது போயிடும்னு, உள்ள வர்ற அத்தனை பேருக்கும் காதடைப்பு குடுக்கறோம். அது இல்லாம ஒருத்தரையும் விடமாட்டோம்."

வக்கீல் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எல்லாருமே காதை அடைச்சுக்கிட்டா, அந்த மணி யாருக்குங்க கேக்கும்?"

மொழிபெயர்ப்பாளரின் கைகள் கேள்வியைச் சைகையில் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் பதினோரு பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். "சத்தம் போடாதீங்க!" என்று கத்திய கோர்ட் ஊழியர், யாரிடம் கத்துகிறோம் என்பது உறைத்ததும் அசடு வழிந்தார்.

நீதிபதி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை நானே வந்து பாக்கறேன். இவங்க பதினோரு பேரும் அவங்கவங்க இடத்துல நிக்கட்டும். மணி எப்ப அடிக்கும்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

வியாழக்கிழமை வக்கீலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலிலேயே நீதிபதிக்கும் காதடைப்பு கொடுத்தார்கள். உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி ஓடின, தரையே அதிர்ந்தது. அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

திடீரென்று அக்காவின் தலை நிமிர்ந்தது. கோடிச் சுவரில் கோர்ட் ஊழியர் மணிக்கயிற்றை இழுப்பதைப் பார்த்துவிட்டாள். கை உயர்ந்தது, அடுத்த வரிசையில் இன்னொரு கை, அதற்கடுத்து இன்னொன்று. கண்மூடித் திறப்பதற்குள் பதினோரு பேரும் வாசலை நோக்கி ஓடினார்கள். ஓடுகிறபோதே பக்கத்தில் நின்றவர்களின் தோளைத் தட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மேனேஜர் ஏதோ விளக்கிக்கொண்டே நின்றார். நீதிபதியும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா திரும்பி ஓடிவந்து நீதிபதியின் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

வெளியே வந்து காதடைப்பைக் கழற்றிய நீதிபதி கேட்டார், "மணி அடிச்சுதா?"

வக்கீல் சந்தோஷத்தோடு வேகமாகத் தலையாட்டினாள்.

"இன்னும் ரெண்டு தடவை, வேற வேற மூலையிலேர்ந்து அடிங்க" என்றார் நீதிபதி. இரண்டு தடவையும் முதலில் வெளியே வந்தவர்கள் அந்தப் பதினோரு பேர்தான்.

மறுவாரம் தீர்ப்பு வந்தது. பதினோரு பேருக்கும் பழைய வேலை, பழைய இடம். எல்லோருக்கும் தெரியும்படி மூலைக்கு மூலை சிவப்பு விளக்கு. கேட்கவில்லை என்பதற்காக யாரையும் தள்ளிவைப்பது சட்டத்துக்கு விரோதம் என்று தெளிவாக எழுதியிருந்தது.

கோர்ட் படியில் அக்கா சைகையில் பேசிய வேகத்துக்குத் தங்கையால் ஈடுகொடுக்க முடியவில்லை. "மெதுவா, மெதுவா" என்று கையால் கெஞ்சினாள். அதற்குள் தங்கையின் தோளை யாரோ தட்டினார்கள். முன்பின் தெரியாத நான்கு பேர், கையில் வேலைநீக்கக் கடிதங்களோடு. வேறு தொழிற்சாலையாம்.

வக்கீல் அந்தப் படியிலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.