வெள்ளி ஊசியும் பித்தளை விளக்கும்

குற்றவாளி ஊசிதான் என்று முதலாளி தீர்ப்பு சொல்லிவிட்டார். விளக்கை யாரும் விசாரிக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை பட்டுநூல் ஆலை வாசலில் மேற்பார்வைக்காரி செலெஸ்தா ஒரு முக்காலியில் ஏறி நின்று அதை அறிவித்தாள். இனிமேல் தலையில் வெள்ளி ஊசி செருகிக்கொண்டு எவளும் உள்ளே நுழையக் கூடாது. பால்மிராவுக்கு நடந்தது அவளுடைய பகட்டால் நடந்தது. அவளுக்கு இங்கே இனி வேலை கிடையாது. சொல்லி முடித்ததும் செலெஸ்தா யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனாள். ஏறும்போது இருந்த மிடுக்கு இறங்கும்போது இல்லை.

கூட்டத்தில் நின்ற செசிராவுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. பால்மிரா அவளுடைய நாத்தனார். கல் உடைக்க மலைக்குப் போன செசிராவின் கணவன் பிணமாகத் திரும்பி வந்த பிறகு, அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்பில் சோளக்களி கிண்டிக் காலம் தள்ளினார்கள். பால்மிராவுக்குப் படகுக்காரன் ஒருவனோடு நிச்சயமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மிலான் பக்கத்து அத்தா ஆற்றங்கரையில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமானால் கொண்டையைச் சுற்றி வெள்ளி ஊசிகள் ஏறும். ஒருநாள் ஊசியில்லாமல் வெளியே வந்தாலும் போதும், கல்யாணம் முறிந்துவிட்டதா என்று ஊர் வாய் திறந்துவிடும். விதவையானால்தான் அவை பெட்டிக்குள் போகும். செசிராவுடையவை அப்படித்தான் போயின.

முந்தின வருஷம் ஆலைக்கு மின்சாரம் வந்தபோது பங்குச் சாமியார் ஒவ்வொரு விளக்குக்கும் தீர்த்தம் தெளித்தார். முதலாளி அவுரெஜ்ஜி மிலான் நகரத்திலிருந்து விருந்தாளிகளை வரவழைத்துச் சுற்றிக் காட்டினார். அவர் மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே வேலையைத் தொடங்கிவிடலாமே! தொட்டிக்கு ஒரு விளக்கு. கொதிநீரில் மிதக்கும் பட்டுக்கூட்டிலிருந்து எடுக்கிற இழை தலைமுடியைவிட மெல்லியது. விளக்கு நெற்றிக்கு நேரே தாழத் தொங்கினால்தான் கண்ணுக்குப் படும். விளக்கைப் பிடித்திருக்கும் கிண்ணி பித்தளை. ஏற்றி அணைக்கும் திருகும் பித்தளை. அதைத் திருப்ப வேண்டியது அந்தந்தத் தொட்டிக்காரி, நாள் முழுக்க நனைந்தே கிடக்கிற கையால்.

விளக்கு முதல் வாரமே கடிக்க ஆரம்பித்தது. பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள், கடிக்கிறது என்று. விரலில் கடிக்கும், சில நாள் முழங்கைவரை கடிக்கும். முதலாளியிடம் சொன்னதற்கு, குளிரில் விரல் மரத்துப் போனால் அப்படித்தான் இருக்கும் என்றார். குளிர் எப்போதிலிருந்து பித்தளையில் குடியேறியது என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, இடுப்புத்துணி நுனியால் திருகைப் பிடித்துத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள். அந்தத் துணியும் பாதி நேரம் ஈரம்.

அறிவிப்புக்கு முந்தின வாரம் ஒருநாள் பால்மிராவின் இழை அறுந்தது. நுனியைத் தேடி, இடது கையைச் செப்புத் தொட்டியின் விளிம்பில் ஊன்றி, வலது கையை நீருக்குள் விட்டபடி எழுந்தாள். கொண்டை ஊசி விளக்கின் பித்தளையில் பட்டது. அவள் கத்தவில்லை, கத்த முடியவில்லை. உடம்பு விறைத்துக்கொண்டது. இடது கை விளிம்பை விட மறுத்தது, வலது கை கொதிநீருக்குள்ளேயே நின்றது. பக்கத்துத் தொட்டியிலிருந்த செசிரா தன் மரச்செருப்பைக் கழற்றி விளக்கை ஓங்கி அடித்தாள். கண்ணாடி சிதறி விளக்கு விலகியது, பால்மிரா ஈரத் தரையில் சரிந்தாள்.

உயிர் தப்பியது. வலது கையின் தோல் கழன்று, இரண்டு விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன. தலையில் ஊசி இருந்த இடத்தில் முடி கருகி ஒரு வட்டம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பெண்களின் பகட்டைப் பற்றி நீளமாகப் பிரசங்கம் வைத்தார். கோயிலுக்குப் புது மணி வாங்கிக் கொடுத்தவர் அவுரெஜ்ஜி; மணி யார் பக்கம் அடிக்கும் என்று சொல்லவா வேண்டும்? மறுநாள் செலெஸ்தா முக்காலியில் ஏறினாள்.

செசிரா வீட்டுக்கு வந்து, வேலை போனதை மட்டும் சொல்லலாம் என்று நினைத்தாள். ஆனால் செய்தி அவளுக்கு முன்பே வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தது. பால்மிரா ஊசிகளை ஒரு துணியில் சுற்றி மெத்தைக்கு அடியில் செருகிவிட்டிருந்தாள்.

"சாமியார் சொன்னது சரிதான் அண்ணி," என்றாள். "எல்லாரும் பாக்கட்டும்னுதான் போட்டுட்டுப் போனேன். நான் பண்ணின பாவம், நான் அனுபவிக்கிறேன்."

செசிராவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கை போனது போயிற்று. கையைக் கெடுத்த குற்றத்தையும் அந்தப் பெண்ணின் தலையிலேயே தூக்கி வைத்திருக்கிறார்களே! இந்தச் சுமையோடு அவள் எப்படி ஒருவனுக்கு வாழ்க்கைப்படுவாள், எப்படிப் பிள்ளை பெறுவாள்? அந்தச் சொல்லை முதலாளி திரும்ப விழுங்கும் வரை விடுவதில்லை என்று செசிரா தீர்மானித்தாள்.

அந்த வாரம் மிலானிலிருந்து எஞ்சினியர் கலிம்பெர்தி வந்தார். மின்சாரத்தைப் போட்டுக் கொடுத்தவர் அவரில்லை, வேறு ஆள். இவர் கொஞ்சம் கூன் போட்ட, மூக்கு எப்போதும் ஒழுகுகிற மனிதர். ஒவ்வொரு விளக்காகப் பார்த்து உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தார். முதலாளி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் வந்தார். வெந்த புழுவின் நாற்றம் அவருக்கு ஆகாது. அந்த நாற்றத்தில் வந்த மாளிகை மட்டும் ஆகும்.

தொட்டிக்காரிகளுக்குக் காது உண்டு என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். இந்த ஆவியில் பித்தளையைத் தொங்கவிட்டது கொலைக்குச் சமம் என்றார் எஞ்சினியர். பித்தளை போக வேண்டும், பீங்கான் கிண்ணி வர வேண்டும். திருகு தொட்டியருகில் இருக்கவே கூடாது. எல்லா விளக்குக்கும் சேர்த்து உலர்ந்த இடத்தில், வாசலில், மரப்பிடி போட்ட ஒரே திருகு. ஆலைக்கு மின்சாரம் அனுப்பும் ஆற்றங்கரைப் பெட்டியிலிருந்து வரும் கம்பிகளில் ஒன்றையும், எல்லாச் செப்புத் தொட்டிகளையும் தடித்த கம்பியால் இணைத்து மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். அப்படிச் செய்தால் மின்சாரம் எங்கே கசிந்தாலும், கம்பி நடுவே வைத்த ஈயத்துண்டு உருகி, ஓட்டம் அறுந்து விளக்கு அணையும்.

"விளக்கு அணையலாம். ஆள் அணையக் கூடாது," என்றார் எஞ்சினியர்.

முதலாளிக்கு மண் விஷயம்தான் பொறுக்கவில்லை. பணம் கொட்டி வாங்குகிற மின்சாரத்தைத் தானே வழி வெட்டி மண்ணுக்கு ஊட்ட வேண்டுமா என்று கேட்டார். எஞ்சினியர் விளக்கப் பார்த்தார், தும்மல் வந்துவிட்டது. பருவம் முடியட்டும், கோடையில் யோசிக்கலாம், அதுவரை ஊசியைத் தடுத்தாயிற்று, அது போதும் என்று பேச்சை முடித்தார் முதலாளி. எஞ்சினியர் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே கிளம்பிப் போனார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் படியில் செசிரா பெண்களைக் கூட்டினாள். வயிற்றுப் பிழைப்புப் போய்விடும் என்று சிலர் தயங்கினார்கள். ஊசியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் என்ன கெட்டுவிடும், உயிர் பெரிதா ஊசி பெரிதா என்று ஒருத்தி கேட்டாள். கேள்வியில் நியாயம் இருந்தது. செசிரா அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள்.

"இன்னைக்கு ஊசியக் கழட்டும்பான். நாளைக்கு மோதிரத்தக் கழட்டும்பான். நாளன்னிக்கு ஒருத்தி விரலால தொட்டுச் செத்தா, கையக் கழட்டி வீட்ல வச்சுட்டு வான்னு சொல்லுவான். விளக்க மட்டும் கழட்ட மாட்டான்."

ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு தயக்கமும் போய்விட்டது.

மறுநாள் குளிருக்கு எல்லோரும் தலையைச் சுற்றிச் சால்வை போர்த்திக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்ற செலெஸ்தாவுக்குச் சந்தேகம் வரவில்லை. உள்ளே போய்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு சால்வைகள் இறங்கின. கொதிகலன் அடுப்பின் வெளிச்சத்தில் கொண்டைகள் எல்லாம் மின்னின. நிச்சயமானவள், கட்டிக்கொண்டவள், எல்லோர் தலையிலும் வெள்ளி. செசிரா பெட்டியைத் திறந்து, புருஷன் போட்ட ஊசிகளை எடுத்துச் செருகிக்கொண்டு வந்திருந்தாள். நிச்சயமாகாத பெண்கள் சும்மா இருப்பார்களா? காலுறை பின்னும் ஊசியைக் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி களி கிண்டும் கரண்டியையே செருகியிருந்தாள்.

செலெஸ்தா வாயைத் திறப்பதற்குள் ஜெபமாலை தொடங்கிவிட்டது. தினமும் வேலைக்கு முன்னால் அது முதலாளியின் கட்டளை. ஜெபத்தின் நடுவே கத்த அவளால் முடியாது. தொட்டிகளில் ஆவி ஏறியது, கூடுகள் வேகத் தொடங்கின. ஆமென் சொன்னதும் வரிசையாகத் திருகுகள் சொடுக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

வெந்த கூடு காத்திருக்காது. பதம் தாண்டினால் கூழாகிவிடும், பிறகு அதில் இழையும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. செலெஸ்தா அதட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் மாளிகைக்கு ஓடினாள். முதலாளி இரவுச் சட்டைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, கையுறையும் லாந்தருமாக ஓடிவந்தார். வழுக்கைத் தலைக்குத் தொப்பியை எடுக்க மறந்துவிட்டார்.

முதலில் அவருக்குக் கூழான கூடுகளின் நாற்றம் அடித்தது. பிறகுதான் தலைகளைப் பார்த்தார். எல்லோரையும் வேலையை விட்டுத் துரத்துவேன் என்றார். துரத்தினால் இந்தத் தொட்டிகளில் கை விட ஆள் எங்கே என்று அவருக்கே தெரியும், அதனால் அதை இரண்டாம் முறை சொல்லவில்லை. செலெஸ்தாவைப் பார்த்து, முதல் விளக்கை நீயே ஏற்று என்றார்.

செலெஸ்தா போனாள். கையைத் தூக்கினாள். காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தாள். தூக்கிய கை அப்படியே நின்று, மெல்ல இறங்கி, இடுப்புத்துணியில் துடைத்துக்கொண்டது. அவளையும் அந்த விளக்கு கடித்திருக்கிறது என்று அப்போதுதான் பெண்களுக்குத் தெரிந்தது.

முதலாளி சினந்து, லாந்தரை அவள் கையில் திணித்துவிட்டுத் தானே விளக்கை நோக்கிக் கையை நீட்டினார். அப்போது செசிரா எழுந்தாள்.

"அப்படியில்ல முதலாளி. கையுறையக் கழட்டுங்க. ஒரு கையத் தொட்டில நனச்சு விளிம்பப் பிடிச்சுக்கோங்க. இன்னொரு ஈரக் கையால திருப்புங்க. நாங்க அப்படித்தான் திருப்புறோம்."

முதலாளி அவளைப் பார்த்தார். நீட்டிய கை பித்தளைக்குப் பக்கத்தில் நின்றது.

"என்ன பயம்?" என்றாள் செசிரா. "குத்தம் ஊசியோடதுதானே. உங்க தலைல ஊசி இல்ல. குத்தி வைக்கத் தலைமுடியும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு ஆத்திரப்படவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். கையுறைக்குள் விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன. பிறகு கை கோட்டுப் பைக்குள் போய்விட்டது. அத்தனை தலைகளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பீங்கான் வரும், எஞ்சினியருக்கு ஆள் அனுப்புகிறேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அதுவரை பகல் வெளிச்சத்தில் வேலை. ஆனால் ஊசி கூடாது என்றது கூடாதுதான் என்று மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார். செசிரா அதற்கும் மசியவில்லை. ஊசி தலையிலேயே இருக்கும், பால்மிராவும் வேலைக்குத் திரும்புவாள் என்றாள். இரண்டு விரல் முடங்கியவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார் முதலாளி.

"வாசல்ல ஒரே திருகுன்னு எஞ்சினியர் ஐயா சொன்னாரில்ல? அத அவ திருப்பட்டும். மத்த நேரம் கூடு பிரிக்கட்டும். அதுக்கு இடது கை போதும்."

தொட்டிகளில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. சரி என்றார்.

சில வாரம் கழித்து எஞ்சினியர் பெட்டி பெட்டியாகப் பீங்கானோடு வந்தார். ஆற்றோரச் சேற்றில் ஆள் ஆழக் குழி வெட்டி, செப்புத் தகடு ஒன்றைப் புதைத்து, அதில் தடித்த கம்பியை முறுக்கினார். முதலாளி மாளிகை ஜன்னலிலிருந்து அந்தக் குழியைப் பார்த்தபடி நின்றார். தன்னையே புதைக்கிறார்கள் என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

பால்மிரா வர மாட்டேன் என்றாள். வந்தாலும் ஊசி போட மாட்டேன் என்றாள். செசிரா தேறுதல் சொல்லவில்லை. மெத்தைக்கு அடியிலிருந்து துணிச்சுருளை எடுத்து, அவளை முக்காலியில் உட்காரவைத்து, கருகிய வட்டத்தைச் சுற்றி ஒவ்வொரு ஊசியாகச் செருகினாள். கொஞ்சம் முரட்டுத்தனமாகவே செருகினாள். பால்மிராவுக்குக் கண்ணில் நீர் வந்தது, ஆனால் தலையை விலக்கவில்லை.

ஆலை வாசலில், உலர்ந்த பலகை மேல், மரப்பிடி காத்திருந்தது. பால்மிரா இடது கையால் அதைப் பிடித்தாள். வெகுநேரம் பிடித்தபடியே நின்றாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு திருப்பினாள். எல்லாத் தொட்டிகளின் மேலும் ஒரே சமயத்தில் வெளிச்சம் வந்தது, அதற்காக ஒருத்திகூடக் கையைத் தூக்கவில்லை.

அவள் வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் பால்மிரா கூடு பிரிக்கப் போகவில்லை. ஈரத் தரையில் நடந்து தன் பழைய தொட்டிக்கு வந்தாள். எதற்கு வருகிறாள் என்று புரிந்ததும் செசிரா பாதி எழுந்துவிட்டாள். எஞ்சினியர் அவள் தோளைத் தொட்டு, விடுங்கள் என்று தலையசைத்தார். பால்மிரா வெந்து ஆறிய வலது கையைத் தொட்டியில் நனைத்துச் செப்பு விளிம்பில் வைத்தாள். குதிகாலை உயர்த்தி, தலையை விளக்கை நோக்கிக் கொண்டுபோனாள்.

கிண் என்று வெள்ளி பீங்கானில் பட்டது.

ஒன்றும் ஆகவில்லை. அவள் தலையை அசைத்து இன்னொரு முறை தட்டினாள். இந்த முறை வேண்டுமென்றே, பலமாக. அடுத்த தொட்டியில் செசிரா எழுந்து தன் கொண்டையால் தட்டினாள். அப்புறம் அடுத்தவள், அதற்கடுத்தவள், வரிசை முழுக்க கிண் கிண் என்று கேட்டது. பின்னல் ஊசிகளும் தட்டின, களிக்கரண்டி டொக்கென்றது. வாசலில் நின்ற முதலாளி அந்தச் சத்தம் தீரும்வரை கேட்க வேண்டியிருந்தது.

பால்மிரா குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அண்ணியைப் பார்த்தாள்.

"ஊசி இல்ல அண்ணி," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படியாக. "விளக்குதான்."