கழுவிய முட்டையும் அம்சாவின் கையும்

1993ஆம் வருஷம் கார்த்திகை மாதத்துப் புயல் மழையில் திண்டிவனம் முழுவதும் நனைந்தது, அம்சா மட்டும் நனையவில்லை. குடை பிடித்திருப்பாள் என்று நினைக்க வேண்டாம், அவளிடம் குடை கிடையாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டி காலனி வரைக்கும் கொட்டுகிற மழையில் நடந்துதான் போனாள். புடவை நனைந்து காலைத் தட்டியது. ஆனால் அவள் தோலில் விழுந்த தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்ததுபோல உருண்டு தரையில் ஓடியது. பார்த்தவர்கள் டீக்கடையில் அதைச் சொன்னார்கள், பிறகு வெங்காய விலை பற்றிப் பேசப் போய்விட்டார்கள். அம்சாவுக்கு அதனால் இருந்த ஒரே தொல்லை குளிக்க முடியாமல் போனதுதான். தலையில் ஊற்றுகிற சொம்புத் தண்ணீர் அத்தனையும் ஒட்டாமல் ஓடியது. ஆனால் அழுக்கும் அவள் மேல் ஒட்டவில்லை என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புருஷன் வடக்கே லாரியில் போனவன் திரும்பவில்லை, மகள் பரிமளா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தன் உடம்பைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார அவளுக்கு நேரமில்லை.

இதற்கெல்லாம் காரணம் மரக்காணம் ரோட்டில் இருந்த முட்டை கம்பெனி. அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய அரங்கநாதன் அந்த வருஷத் தொடக்கத்தில் அதை ஆரம்பித்திருந்தார். நாமக்கல்லிலிருந்து லாரியில் வருகிற முட்டையை நம்மூர்க் கடைக்காரர்கள் அட்டையோடு வாசலில் அடுக்கி வைப்பார்கள். மேலே கொஞ்சம் எச்சம் இருக்கும், ஓர் இறகு ஒட்டியிருக்கும். செய்தித்தாளில் சுற்றித் தருவதை வாங்கிப் போய் அவித்துத் தின்பார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அரங்கநாதனுக்கு அது அருவருப்பாக இருந்தது. "அங்கல்லாம் வெந்நீர்ல கழுவாம ஒரு முட்டைய வெளிய அனுப்ப மாட்டான். நாம இன்னும் எச்சத்தோட தின்னுக்கினு இருக்கோம்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். சொன்னது உண்மைதான். அமெரிக்காவில் கழுவுகிறார்கள். கழுவிய பிறகு குளிரில் வைத்து, வண்டியிலும் கடையிலும் வீட்டிலும் அந்தக் குளிர் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்துப் பக்கம் இதற்கு நேர்மாறு. கடைக்கு வருகிற முட்டையைக் கழுவக் கூடாது என்பது அங்கே விதி, ரொட்டிக்குப் பக்கத்தில் வெறும் அலமாரியில் அடுக்கி விற்கிறார்கள். இரண்டு தேசத்துக்காரர்களும் காலையில் ஆம்லெட் தின்றுவிட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இதில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கோழி முட்டையிடும்போதே அந்தத் துளைகளை மூடுகிற மாதிரி மெல்லிய பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறது. கழுவினால் அந்தப் பூச்சு போய்விடும், போனால் குளிர்தான் காவல். கழுவாதே, வெளியே வை. கழுவினாயா, குளிரில் வை. எந்த வழியில் போனாலும் முழுசாகப் போக வேண்டும். அரங்கநாதன் பாதி வழி போனார். கழுவுவதை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தார், குளிரைத் திண்டிவனத்துக் கரண்டை நம்பி விட்டுவிட்டார். இதைச் செய்தவரை ஊர் பல வருஷம் படித்தவர் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கழுவிய பூச்சு எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. பாதி சாக்கடைக்குப் போனது, பாதி அம்சாவின் மேல் ஏறியது. கூட வேலை பார்த்த பெண்கள் அவ்வப்போது வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லுக்கும் போய் வந்ததால் அவர்கள் மேல் ஏறியது உதிர்ந்துவிட்டது. அம்சா முதல் நாளிலிருந்து வெந்நீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. முதலில் விரல் நுனியில் ஒரு மங்கல் தெரிந்தது, பிறகு கை முழுவதும், மழைக்காலம் வருவதற்குள் உடம்பு முழுவதும். ஊரில் ஒருத்திக்கு அம்மை போட்டால் விசாரிக்கிற அளவுக்குத்தான் இதையும் விசாரித்தார்கள்.

1998ஆம் வருஷம் கத்திரி வெயிலில் கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த காஜா மொய்தீன் தன் மகள் நாசியாவின் நிக்காஹ் விருந்துக்கு அரங்கநாதனிடம் முட்டை வாங்கினார். துபாயில் ஓட்டல் சமையற்கட்டில் பல வருஷம் வேலை பார்த்தவர், பளிச்சென்று வெள்ளையாக இருந்த முட்டையைப் பார்த்து மனசு குளிர்ந்து வாங்கினார். விருந்தன்று காலையில் அண்டாவில் போட்டு அவித்தபோது முட்டைகள் மிதந்தன, பிறகு ஒவ்வொன்றாக வெடித்தன. அந்த நாற்றம் தெருவைத் தாண்டிக் கடற்கரை வரைக்கும் போனது. மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார்கள். மறுநாள் காஜா மொய்தீன் மூன்று பஸ் மாறி வந்து கம்பெனி வாசலில் நின்று சத்தம் போட்டார். அவர் போட்டது நியாயமான சத்தம்.

அந்த வாரம் முழுவதும் பகலில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்தது. அது அரங்கநாதனுடைய அறையின் ஏசிக்கு ஓடியது, முட்டை வைத்த குளிர் அறைக்கு ஓடவில்லை. டீசல் வீணாகிறது என்று நிறுத்தச் சொன்னவர் அவரே. வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் அரங்கநாதன் அத்தனை பேரையும் முற்றத்தில் நிற்கவைத்து, அம்சாவை முன்னால் கூப்பிட்டு, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார்.

"இந்தக் கைதான் பாய். நான் எவ்ளோ சொன்னாலும் இதுங்களுக்கு சுத்தம் வராது. இவ கை பட்டதுதான் கெட்டுச்சு" என்றார்.

அவர் எந்தக் கையைச் சொன்னார், எந்தத் தெருவைச் சொன்னார் என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் புரிந்தது. காஜா மொய்தீனுக்கும் புரிந்தது. "அது கெடக்கட்டும், கரண்ட் இருந்துச்சா?" என்று கேட்டார். திண்டிவனத்திலேயே அழுக்கு ஒட்டாத ஒரே கை அதுதான். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுக்கு என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு நாக்கு கூசவில்லை, கேட்டுக்கொண்டு நின்றவர்களுக்கும் வாய் திறக்கவில்லை. அம்சா அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டாள்.

நம் பக்கத்தில் ஊறுகாய் பூசணம் பிடித்தால் உப்பு சரியாக இருந்ததா என்று கேட்க மாட்டார்கள், யார் கை பட்டது என்றுதான் கேட்பார்கள். ஆகவே அரங்கநாதனின் பேச்சை ஊர் உடனே நம்பிவிட்டது. அம்சா பிழைப்புக்கு இட்லிக் கடை போட்டாள். அவள் கரைத்த மாவு பொங்கவே இல்லை. மூன்று நாள் வைத்திருந்தாலும் அரைத்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. அவள் தோய்த்த பால் தயிராகவில்லை. முட்டை கெட்டபோதும் அவள் கை, மாவு புளிக்காதபோதும் அவள் கை என்றார்கள். கெடுக்கிற கை எப்படிப் புளிக்காமல் வைக்கும் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. விழுப்புரத்திலிருந்து பரிமளாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விசாரித்துவிட்டு, வீட்டுக்கு வராமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள். இப்படி இரண்டு மூன்று இடம் தட்டிப் போன பிறகு பரிமளா விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டாள்.

அம்சா வருஷத்துக்கு ஒருமுறை, அதே கத்திரி வெயிலில், கம்பெனி வாசலுக்குப் போய் நின்றாள். வேலை கேட்கவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. "ஜெனரேட்டர நிறுத்துனதாலதான் கெட்டுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க மொதலாளி. எங்க நின்னு சொன்னீங்களோ அங்கியே நின்னு சொல்லுங்க" என்றாள். வாட்ச்மேன் அவளை விரட்டினான். அடுத்த வருஷமும் போனாள். தலைமுடி நரைத்தபோதும் போனாள். அரங்கநாதன் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே போனார்.

மரக்காணத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு பஸ்ஸில் வந்து மீன் விற்கிற கிளியம்மாள்தான் விஷயத்தை முதலில் கண்டுபிடித்தாள். கூடையைத் தலையில் ஏற்ற ஒருநாள் அம்சாவைக் கைகொடுக்கச் சொன்னாள். அம்சா ஏற்றும்போது அவள் கை மீனில் பட்டது. விற்காமல் மிஞ்சிய சங்கரா மீன் நான்கு நாள் கழித்தும் கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தது. கம்பெனியில் அந்தக் கை பட்டதையெல்லாம் வெந்நீர் கழுவிக்கொண்டு போயிருந்தது, மீனை யாரும் வெந்நீரில் கழுவவில்லை. "ஐஸும் இல்ல ஒன்னும் இல்ல. இன்னாடி கை இது" என்று அம்சாவிடம் வந்து கேட்டாள். "பட்டா கெட்டுப்போற கைன்னுதான் ஊர்ல சொல்லிக்கினு இருக்காங்க" என்றாள் அம்சா. கிளியம்மாள் காறித் துப்பினாள். மறுநாள் முதல் குப்பத்துப் பெண்கள் எல்லோரும் அம்சா வீட்டு வழியாகவே சந்தைக்குப் போனார்கள்.

பிறகு 2008இல் மின்வெட்டுக் காலம் வந்தது. ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தது வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, பகலில் பாதி நேரம் கரண்டே இல்லை என்று ஆனது. வீட்டுக்கு வீடு வாங்கிவைத்த ஃப்ரிட்ஜ்கள் துணி மடித்து வைக்கிற அலமாரியாயின. அப்போது ஊர் அம்சாவின் வீட்டு வாசலுக்கு வந்தது. முதலில் சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்சுலின் மருந்தோடு வந்தார்கள். அடுத்து பூக்காரர்களும் ஸ்வீட் ஸ்டால்காரர்களும் வந்தார்கள். கடைசியில் நேற்றுச் சாம்பாரையும் கறிக்குழம்பையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் வந்தார்கள். அந்தக் கையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் சாம்பாரை மட்டும் நீட்டினார்கள். ஒருவர்கூட, நாங்கள் சொன்னது தப்பு அம்சா என்று சொல்லவில்லை. வரிசையில் நின்று, தொட்டதும் வாங்கிக்கொண்டு, வெயிலைத் திட்டிக்கொண்டு போனார்கள். வெட்கம் என்பதையும் இவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்துக் கெடவிட்டிருப்பார்கள் போல. அம்சா எல்லாவற்றையும் தொட்டுக் கொடுத்தாள்.

2012ஆம் வருஷம் வைகாசியில் அரங்கநாதனின் கார் காலனிக்குள் வந்தது. குளிர் அறை நிறைய முட்டை. கரண்ட் காலையில் போனது வரவில்லை. ஜெனரேட்டர் அந்த வாரம்தான் புகைந்து நின்றிருந்தது. அவர் காரிலிருந்து இறங்கி, "நல்லாருக்கீங்களா அம்சா? பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. ஜல்தியா ஒருவாட்டி கம்பெனிக்கு வந்துட்டுப் போங்க" என்றார். மின்வெட்டு அவருக்கு அத்தனை மரியாதையைக் கற்றுக்கொடுத்திருந்தது.

"அங்க வந்து நிக்கிறேன். நீங்க அந்த வார்த்தய சொல்லுங்க" என்றாள் அம்சா.

செய்தி காருக்கு முன்னால் போய்விட்டது. பழைய வேலைக்காரப் பெண்கள் மல்லாட்டை மில்லிலிருந்து அப்படியே வந்தார்கள். கிளியம்மாள் கூடையோடு வந்தாள். யாரோ போன் போட்டுச் சொல்லி காஜா மொய்தீனும் மருமகனின் மோட்டார் சைக்கிளில் ஏறி வந்துவிட்டார், அவருக்கும் அந்த முற்றத்தில் தீராத பாக்கி இருந்தது. குளிர் அறையின் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், முட்டை அட்டைகள் கூரை வரைக்கும் தெரிந்தன.

அரங்கநாதன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அன்னிக்கு ஏதோ தப்பு நடந்துபோச்சு. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல" என்றார். உள்ளே ஒரு வரிசை அட்டை வெடித்தது. அம்சா அசையவில்லை. "கரண்ட்டுக்காரங்க பண்ண வேலை அது" என்றார். இன்னொரு வரிசை வெடித்தது, மஞ்சள் நீர் வாசற்படி வரைக்கும் வந்தது. கோழித் தீவனத்தைச் சொன்னார், நாமக்கல் லாரியைச் சொன்னார், அந்த வருஷத்து வெயிலைச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை போனது. அங்கே நின்றவர்கள் அதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை, இவ்வளவு நாள் ஏன் வெடிக்காமல் இருந்தது என்ற மாதிரிதான் பார்த்தார்கள். கடைசியில் பின்சுவரை ஒட்டி இருந்தது மட்டும் மிஞ்சியது.

"ஜெனரேட்டர நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் அரங்கநாதன்.

"கேக்கல" என்றாள் அம்சா.

அவர் மறுபடி சொன்னார். இந்த முறை ரோட்டில் போன பஸ்ஸிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, அம்சா கை மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். காஜா மொய்தீன் தலையை ஆட்டிக்கொண்டார். பின்சுவர் ஓரத்து முட்டைகள் வெடிக்காமல் நின்றன.

அம்சா புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போறீங்க? முட்டை?" என்றார் அரங்கநாதன்.

"வந்து நிக்கிறேன்னுதான் சொன்னேன். தொடறேன்னு சொல்லலியே" என்றாள் அம்சா. போய்விட்டாள்.

மிஞ்சிய முட்டைகள் சாயங்காலத்துக்குள் கெட்டன. அதில் அதிசயம் ஏதும் இல்லை, கழுவிய முட்டை அப்படித்தான் கெடும். மறுநாள் காலையில் கரண்ட் வழக்கம்போலப் போனது, அம்சாவின் வாசலில் வழக்கம்போல வரிசை நின்றது. நடுவில் அரங்கநாதனின் மருமகள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காய்ச்சிய பாலைத் தூக்குச்சட்டியில் எடுத்து வந்திருந்தாள். அவள் முறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டாள். அம்சா அந்தப் பாலையும் தொட்டுக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள்.